கேஸ் ரிப்போர்ட்: ஒரே நோயாளியிடமிருந்து மருத்துவம் கற்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நோயாளியின் நோயையும் சிகிச்சையையும் விவரித்து மருத்துவ இதழில் வெளியிடும் கட்டுரைதான் கேஸ் ரிப்போர்ட். பொது மருத்துவம், நரம்பியல், இரைப்பை அறுவை சிகிச்சை ஆகிய துறைகளில் முதல் கேஸ் ரிப்போர்ட்டை எழுத உட்காரும் இளம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. "உங்கள் கேஸை வெளியிடலாமா?" என்று கேட்கப்பட்ட நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்பவையும் இதில் உண்டு.

கேஸ் ரிப்போர்ட்டும் கேஸ் ஷீட்டும் ஒன்றுதானா?

இல்லை. கேஸ் ஷீட் அந்த நோயாளியின் சிகிச்சைக்காக எழுதப்படுவது. அடுத்த ஷிஃப்டில் வரும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் அது புரிந்தால் போதும். கேஸ் ரிப்போர்ட் அந்த நோயாளியை ஒருநாளும் பார்க்கப்போகாத மருத்துவருக்காக எழுதப்படுவது. வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் எழுதாமல் விட்ட விஷயங்களை எல்லாம் இங்கே எழுதியாக வேண்டும். எந்தப் பரிசோதனையை எதைச் சந்தேகித்துச் செய்தோம், எதைத் தேடி எது கிடைக்கவில்லை, எந்த நாளில் எண்ணம் மாறியது என்பதெல்லாம் அதில் சேரும்.

ஒரே ஒருவரை வைத்து எதை நிரூபிக்க முடியும்?

பெரும்பாலும் எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு மருந்து நூறு பேரில் எத்தனை பேருக்குப் பலிக்கும் என்பதை ஒரு கேஸ் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லை. அதே நோய்க்கு அதே சிகிச்சை பெற்றுக் குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லை. அதனால்தான் சான்றுகளின் படிவரிசையில் கேஸ் ரிப்போர்ட்டுக்குக் கீழ்ப்படியில் இடம்.

ஆனால் "இங்கே ஏதோ நடக்கிறது, பாருங்கள்" என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அந்தக் கீழ்ப்படிதான். 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் ஒரு மருத்துவ இதழுக்குச் சிறு கடிதம் எழுதினார். கர்ப்பகாலத்தில் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் தாலிடோமைடு மாத்திரை எடுத்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம் கடுமையான பிறவிக் குறைபாடுகளைக் கண்டதாகச் சொல்லி, வேறு யாரேனும் கண்டதுண்டா என்று கேட்டார். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றி ஒரு குறிப்பு வெளியானது. பின்னர் எய்ட்ஸ் என்று உலகம் அறிந்த நோயின் முதல் பதிவு அது. இரண்டுமே எதையும் நிரூபிக்கவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டன.

ஒரே ஒருவர் அதைவிடக் கூடுதலாகச் சொல்லக்கூடிய நேரமும் உண்டு. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் அது சாத்தியம். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி நோய் உண்டாக்குமா என்று பார்க்க, 1984இல் மருத்துவர் பாரி மார்ஷல் அதைத் தாமே குடித்தார். அதற்கு முன்பே எண்டோஸ்கோப்பி செய்து, தம் இரைப்பை நன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்டார். குடித்த பிறகு எடுத்த திசுவில் அழற்சியும் கிருமியும் தெரிந்தன. முதல் எண்டோஸ்கோப்பி இல்லாதிருந்தால் இந்தப் பரிசோதனைக்கு மதிப்பே இருந்திருக்காது. அவருக்கு வந்தது அழற்சிதான், அல்சர் அல்ல. அல்சருக்கும் கிருமிக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்த, பல நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் தேவைப்பட்டன. இந்தக் கிருமியை அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் அவருக்கும் நோபல் பரிசு வந்தது 2005இல்.

நரம்பியலில் தனி நோயாளிகளின் பெயர்கள் இவ்வளவு அடிபடுவது ஏன்?

மூளையின் ஒரு பகுதி என்ன வேலை செய்கிறது என்பது, அந்தப் பகுதி கெட்டுப்போனவரைப் பார்க்கும்போதுதான் பல முறை தெரிய வந்திருக்கிறது. அப்படிப்பட்ட சேதத்தை யாரும் வேண்டுமென்றே உண்டாக்க முடியாது. வந்தவரைக் கவனமாகப் பார்ப்பதுதான் வழி.

1861இல் பாரிஸில் மருத்துவர் பால் ப்ரோக்கா பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்குப் பேச்சு புரிந்தது. வாயிலிருந்து வந்ததோ பெரும்பாலும் "டான்" என்ற ஓசைதான். அவர் இறந்தபின் மூளையின் இடது முன்பகுதியில் சேதம் இருப்பதை ப்ரோக்கா காட்டினார். அந்த மூளையை அவர் வெட்டிப் பார்க்கவில்லை. முழுதாகவே பாதுகாத்து வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர்கள், சேதம் ப்ரோக்கா சொன்னதைவிட ஆழமாகப் போயிருப்பதைக் கண்டார்கள். ப்ரோக்காவின் விளக்கம் திருத்தம் பெற்றது. திருத்துவதற்கான ஆதாரத்தை விட்டுச்சென்றவரும் அவரே. கேஸ் ரிப்போர்ட் எழுதுகிற ஒவ்வொருவரிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த நேர்மையைத்தான். நம் விளக்கம் நாளை தப்பாகப் போகலாம், அப்போதும் நம் பதிவு பயன்பட வேண்டும்.

எச்.எம். என்ற இரண்டெழுத்தால் அறியப்பட்ட ஹென்றி மோலேசன் இன்னொருவர். 1953இல் வலிப்புக்காக அவருடைய மூளையின் இருபுறமும் பொட்டுப்பகுதியின் உட்பக்கம் அகற்றப்பட்டது. அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போனார். உளவியலாளர் ப்ரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் முந்தைய நாள் அப்படி ஒன்றைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. நிகழ்வுகளின் நினைவும் கைப்பழக்கத்தின் நினைவும் வேறுவேறு என்பது அங்கே தெரிந்தது. "நினைவாற்றல் குறைந்தது" என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது.

தொடர்ந்து பார்ப்பது எவ்வளவு முக்கியம்? டிஸ்சார்ஜோடு முடித்துக்கொள்ளலாமா?

கூடாது. 1848இல் பாறை வெடிக்கும் வேலையில் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துச் சென்றும் பிழைத்தவர் ஃபினியாஸ் கேஜ். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ அதே ஆண்டு எழுதிய முதல் குறிப்பு, அவர் எப்படி உயிர்பிழைத்தார் என்பதைப் பற்றியது. குணம் மாறிப்போன விவரம் விரிவாக வந்தது 1868இல், கேஜ் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்திருக்கிறார். காயத்துக்குப் பின் ஓரளவு தேறி ஒழுங்கான வாழ்க்கை நடத்தியிருக்கலாம் என்று இன்று பலர் கருதுவதற்கு அந்த வேலைதான் காரணம். எந்த மாதத்து கேஜைப் பார்க்கிறோமோ அதற்கேற்ப முடிவும் மாறுகிறது.

இரைப்பை அறுவை சிகிச்சையில் கேஸ் ரிப்போர்ட்டின் பங்கு என்ன?

புதிய அறுவை முறை எதுவும் ஒரு நோயாளியிடம்தான் தொடங்குகிறது. புற்றுநோய்க்காக இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றும் அறுவையை 1879இல் பாரிஸில் ஜூல் பெயான் செய்தார். 1880இல் லுட்விக் ரிடிகியர் செய்தார். இருவருடைய நோயாளிகளும் பிழைக்கவில்லை. 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் செய்த அறுவையில் தெரசே ஹெல்லர் என்ற பெண் பிழைத்தார். சுமார் நான்கு மாதம் கழித்து, புற்றுநோய் திரும்பி வந்ததால் இறந்தார்.

இதை "வெற்றி" என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். இரைப்பையையும் சிறுகுடலையும் தையல் போட்டு இணைக்க முடியும், இணைப்பு தாங்கும், நோயாளி சாப்பிட முடியும் என்று இந்தக் கேஸ் காட்டியது. புற்று குணமாகும் என்று காட்டவில்லை. அறுவையின் வெற்றியும் நோயின் முடிவும் இரு வேறு விஷயங்கள். இன்றும் அறுவை சிகிச்சை கேஸ்களில் இந்த இரண்டும் குழம்பிப்போவதைப் பார்க்கிறேன். பத்தாம் நாள் நடந்து வீடு திரும்பினார் என்று முடிகிற அறிக்கை, ஆறு மாதம் கழித்து அவர் எவ்வளவு சாப்பிடுகிறார், எடை என்ன என்பதைச் சொல்வதில்லை.

மூன்று துறைகளையும் ஒரே கேஸ் தொடுவது உண்டா?

நிறைய உண்டு. என்னைக் கேட்டால், எழுதப்பட வேண்டியவை முக்கியமாக இவைதான். ஏனென்றால் இவற்றின் முழு வரலாறும் எந்த ஒரு துறையின் ஃபைலிலும் இருக்காது.

பில்ரோத் அந்த அறுவையைச் செய்த அதே 1881இல் நரம்பியல் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளை விவரித்தார். கண் அசைவு தடைப்பட்டது, நடை தள்ளாடியது, மனம் குழம்பியது. மூவரும் இறந்தார்கள். இருவர் குடிப்பழக்கம் உள்ள ஆண்கள். மூன்றாமவர் கந்தக அமிலம் குடித்த ஓர் இளம் தையல்காரப் பெண். அமிலத்தால் இரைப்பையின் வாயில் சுருங்கி, ஓயாமல் வாந்தி எடுத்தவர். மூளையின் நடுப்பகுதியில் சிறு சிறு இரத்தக் கசிவுகளைக் கண்ட வெர்னிக்கே அதை அழற்சி என்று எண்ணினார். உண்மையான காரணம் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைபாடு. அந்த வைட்டமின் தனியே பிரித்தெடுக்கப்பட்டதே 1926இல்தான். ஆக, அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அமிலத்தையும் வாந்தியையும் அவர் எழுதி வைத்தார். மூளை நோய்க்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டிருந்தால், குடிப்பழக்கம் இல்லாதவருக்கும் இது வரும் என்ற தடயம் அப்போதே தொலைந்திருக்கும்.

இன்று உடற்பருமனுக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைக்குப் பிறகு தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களிடம் இதே நோய் வருகிறது. உடலில் தயமின் கையிருப்பு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிகிராம்தான், இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். பி12 வேறு மாதிரி. கல்லீரலில் அது ஆண்டுக்கணக்கில் இருக்கும். இரைப்பையை முழுவதும் அகற்றியவருக்கு, பி12ஐ உறிஞ்சத் துணைசெய்யும் இரைப்பைப் புரதம் கிடைக்காது. ஊசியோ தகுந்த அளவு மாத்திரையோ எடுக்காமல் விட்டால், சில ஆண்டுகள் கழித்துக் கால் மரத்து, இருட்டில் நடக்கத் தடுமாறி, நரம்பியல் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவார். "ஏற்கெனவே ஆபரேஷன் ஏதாவது?" என்று கேட்டால், அதற்கும் காலுக்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றாததால் பலர் சொல்வதில்லை. தாமிரக் குறைபாடும் தண்டுவடத்தை ஏறக்குறைய இதே போலத் தாக்கும். பி12 சரியாக இருந்தும் நடை மோசமாகிக்கொண்டே போகிற, வயிற்று அறுவை செய்துகொண்ட நோயாளியிடம் தாமிர அளவைப் பார்க்க வேண்டும்.

நல்ல பதிவுக்கும் மோசமான பதிவுக்கும் வித்தியாசம் எப்படி இருக்கும்?

விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு கேஸைப் பாருங்கள். முதலில், அடிக்கடி வாசிக்கக் கிடைக்கும் வடிவம்:

"34 வயதுப் பெண். இரைப்பைக் குறைப்பு அறுவைக்குப் பின் வாந்தியும் பின்னர் நரம்பியல் அறிகுறிகளும் ஏற்பட்டன. தயமின் அளிக்கப்பட்டதும் குணமடைந்தார்."

இப்போது அதே கேஸ்:

"அறுவை முடிந்த 16ஆம் நாளிலிருந்து தினமும் நான்கைந்து முறை வாந்தி, திட உணவை அறவே நிறுத்திவிட்டார், வைட்டமின் மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை. 37ஆம் நாள் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டு, தயமின் இல்லாமல் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றப்பட்டது. 38ஆம் நாள் காலை, பொருள்கள் இரண்டாகத் தெரிவதாகச் சொன்னார். இரு கண்களும் வெளிப்பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை. நாள், இடம் சரியாகச் சொன்னார். பி1 அளவுக்கு இரத்தம் எடுத்தபின், முடிவுக்குக் காத்திராமல், அன்று பகல் நரம்பு வழியாகத் தயமின் தொடங்கப்பட்டது. மறுநாள் மாலைக்குள் கண் அசைவு சீரானது. மூன்று மாதம் கழித்தும் நேர்கோட்டில் நடக்கும்போது தடுமாற்றம் இருந்தது."

இரண்டாவது பதிவிலிருந்து எத்தனை விஷயம் கற்கலாம் என்று பாருங்கள். மனக்குழப்பம் இல்லாமலும் இந்த நோய் வரும். மூன்று அறிகுறிகளும் ஒருசேரத் தோன்றுவது சிறுபான்மையினரிடம்தான். பரிசோதனை முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. தயமின் குறைந்தவருக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும், அதனால் அதற்கு முன்போ அதனுடனோ தயமின் தர வேண்டும். "குணமடைந்தார்" என்ற சொல்லும் முழு உண்மை இல்லை, கண் சீராகியும் நடை சீராகவில்லை. டிரிப் பற்றிய வரியை எழுதத் துணிவு வேண்டும். அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் படிப்பவருக்குப் பாதிப் பயன்தான்.

எந்தக் கேஸ் எழுதத் தகுந்தது?

அபூர்வமாக இருப்பது மட்டும் போதாது. "இதைப் படித்தபின் ஒரு மருத்துவர் நாளைக்கு எதை வேறுவிதமாகச் செய்வார்?" என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். சாதாரண நோய் ஏமாற்றும் வேடத்தில் வந்த கேஸ், உலகத்தில் ஆறாவது கேஸ் என்ற பெருமையைவிடப் பெரும்பாலும் அதிகப் பயன் தரும். "இதுவே முதல் கேஸ்" என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. எந்தத் தரவுத்தளங்களில், எந்தச் சொற்களால், எந்தத் தேதி வரை தேடினோம் என்று சொல்லிவிட்டால் போதும்.

ஏதாவது வடிவம் வகுத்திருக்கிறார்களா?

2013இல் வெளியான கேர் (CARE) வழிகாட்டி 13 தலைப்புகளைத் தருகிறது. அறுவை சிகிச்சைக் கேஸ்களுக்கு 2016இல் ஸ்கேர் (SCARE) வழிகாட்டி வந்தது. கேரில் காலவரிசைக்குத் தனி இடம் உண்டு. நோயாளியின் பார்வைக்கும் உண்டு. அந்த இரண்டாவதைப் பலர் காலியாக விடுகிறார்கள். மருத்துவர் பார்க்காத மணிநேரங்களை நோயாளி பார்த்திருக்கிறார். எப்போது முதன்முதலாகத் தடுமாறினார் என்பது அவருக்கும் வீட்டாருக்கும்தான் தெரியும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன விதத்திலேயே எழுதுங்கள்.

ஒரு மருந்தால்தான் இது வந்தது என்று எப்படிச் சொல்வது?

மருந்து தொடங்கிய தேதி, அறிகுறி தொடங்கிய தேதி, நிறுத்தியபின் என்ன ஆனது, வேறு காரணம் இருந்ததா ஆகிய நான்கும் வேண்டும். 1981இல் வெளியான நரன்ஹோ அளவுகோல் 10 கேள்விகளில் இதை மதிப்பெண்ணாக்குகிறது. மருந்தை மறுபடி கொடுத்தபோது திரும்ப வந்தது என்பது வலுவான சான்று. ஆனால் ரிப்போர்ட்டுக்காக யாரும் அப்படிக் கொடுக்கக் கூடாது. தற்செயலாக நடந்திருந்தால் மட்டும் எழுதலாம்.

கேஸ் சீரிஸ் என்றால்?

ஒரே மாதிரியான பல நோயாளிகளைச் சேர்த்து விவரிப்பது. 2005இல், சினைப்பைக் கட்டியும் மனநலக் குறிகளும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்த நான்கு பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசெப் டால்மாவின் குழு, இதே நோய் வந்த 12 பெண்களிடம், மூளைச் செல்கள் சைகைகளைப் பெற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டியது. அதுவரை மனநோய் என்று கருதப்பட்டிருக்கக்கூடிய பலருக்கு அதன்பின் சிகிச்சை கிடைத்தது. நால்வரை எழுதியவர்கள் பன்னிரண்டு பேர் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நோயாளியின் சம்மதம் கட்டாயமா? பெயரை எடுத்துவிட்டால் போதாதா?

போதாது. எழுத்து வடிவில் சம்மதம் வேண்டும். அறுவைக்குப் போட்ட கையெழுத்து இதற்குச் செல்லாது. நோயாளி இறந்துவிட்டாலோ, சம்மதம் தரும் நிலையில் இல்லாவிட்டாலோ நெருங்கிய உறவினரிடமோ சட்டப்படியான பொறுப்பாளரிடமோ கேட்க வேண்டும். நரம்பியலில் இது கூடுதல் கவனம் கேட்கும். குழப்பத்தில் இருந்தபோது வாங்கிய கையெழுத்து சம்மதமாகாது. தெளிந்தபின் மறுபடி கேளுங்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் வயது, தொழில், ஊர், அபூர்வ நோய் நான்கும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்கேன் படத்தின் ஓரத்தில் இருக்கும் எண்ணையும் மறக்காமல் அழிக்க வேண்டும். மருத்துவத்துக்கு அவசியமில்லாத விவரத்தை விட்டுவிடலாம், மாற்றி எழுதக் கூடாது. 28 வயதை 35 என்று எழுதினால், பின்னால் கேஸ்களைத் தொகுப்பவருக்குத் தவறான தரவு போய்ச் சேரும்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1822இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்தவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளை வழியாக உணவை நூலில் கட்டி இறக்கி, செரிமானத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பை நீர் பற்றி நாம் அறிந்ததில் பெரும் பங்கு அங்கிருந்து வந்தது. செயின்ட் மார்ட்டின் அவரிடம் கூலிக்கு வேலை செய்த ஏழை. அந்தச் சோதனைகளை அவர் விரும்பவில்லை, பலமுறை விலகிப் போயிருக்கிறார். அறிவு கிடைத்தது என்பதால் அந்த முறை சரியாகிவிடாது.

யாருடைய பெயர்களைப் போடலாம்?

உழைத்தவர்கள், எழுதியோ திருத்தியோ பங்களித்தவர்கள், இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டவர்கள், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பவர்கள். நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பதால் மட்டும் பெயர் சேராது.

என் கேஸை வெளியிடலாமா என்று கேட்கிறார்கள். மறுத்தால் சிகிச்சை பாதிக்குமா?

பாதிக்கக் கூடாது. மறுப்பது உங்கள் உரிமை, காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்புக்கொள்வதாக இருந்தால், அனுப்பப்போகும் வடிவத்தை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் படம் வருகிறதா, யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்க முடியுமா என்று கேளுங்கள். அச்சாகும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், வெளியானபின் அது கடினம். தேதிகள் தப்பாக இருந்தால் திருத்திக் கொடுங்கள், அதுவே ஆய்வுக்கு நீங்கள் செய்யும் நேரடி உதவி.

இணையத்தில் படித்த ஒரு கேஸ் அப்படியே என் அறிகுறியைப் போல இருக்கிறது. என்ன செய்வது?

அந்த நோய்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். வெளியாகிற கேஸ்கள் வழக்கத்துக்கு மாறாக இருப்பதால்தான் வெளியாகின்றன. ஆனால் அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கவும் வேண்டாம். உங்களுக்கு முன்பு நடந்த வயிற்று அறுவைகள், எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகள், நிறுத்திவிட்ட வைட்டமின்கள், அறிகுறி தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வயிற்று அறுவைக்குப் பிறகு வாந்தி நிற்காமல் இருந்து, பார்வை இரண்டாகவோ நடை தள்ளாட்டமாகவோ தோன்றினால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய், எந்த அறுவை, எந்தத் தேதியில் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.